சிறகை உதிர்த்தவள்

தில்லியில் வாழும் தமிழர்க்கு மழை என்பது நாள் குறித்து வரும் விருந்தாளி. ஐப்பசி அடைமழைக்குப் பழகிய நமக்கு, ஆனி மாதத்தில் வானம் கறுப்பதும், இரண்டு மாதமாக அனல் கக்கிய சுவர்கள் ஓரிரவில் குளிர்வதும், இங்கு வந்து இருபது ஆண்டுகள் ஆன பின்னும் புதுமையாகவே இருக்கின்றன. 2023ஆம் ஆண்டில் அந்த விருந்தாளி ஜூன் 25ஆம் நாள் வந்து சேர்ந்தார். மறுநாள் மாலை, விளக்கேற்றும் வேளையில், நமது அரசுக் குடியிருப்பின் தரைத்தள வீட்டு முகப்பில் சிறகு முளைத்த பூச்சிகள் வந்து விழலாயின.

"ஈசல் வந்துவிட்டது" என்றோம்.

"ஈசல் இல்லை அப்பா, இது கட்டெறும்பு" என்று திருத்தினாள் மகள். "இடுப்பைப் பாருங்கள், ஒடுங்கியிருக்கிறது. உணர்கொம்பு முழங்கை போல மடங்கியிருக்கிறது. முன்சிறகு பெரிது, பின்சிறகு சிறிது. ஈசலுக்கு இடுப்பே தெரியாது. நான்கு சிறகும் ஒரே அளவாக இருக்கும். ஈசல் கறையான் வீட்டுப் பிள்ளை. கறையானுக்குக் கரப்பான்பூச்சி பங்காளி. எறும்புக்குக் குளவியும் தேனீயும் பங்காளிகள்."

மகள் அப்போது பன்னிரண்டாம் வகுப்பை முடித்து, மேற்படிப்புக்கான தேர்வுகளை எழுதிவிட்டு, முடிவுக்குக் காத்திருந்தாள். உயிரியலில் அவளுக்கிருந்த ஈடுபாடு, வரலாற்றில் இளங்கலை பயின்று கோப்புகளோடு குடித்தனம் நடத்தும் நம்மிடமிருந்து வந்ததன்று. தாவரவியலில் முதுகலைப் பட்டம் பெற்ற அவள் தாயிடமிருந்து வந்தது. இதை அன்று நாம் எண்ணிப் பார்க்கவில்லை. பின்னர் எண்ண வேண்டி வந்தது.

விழுந்தவற்றுள் பெரியதொன்று சிறிது நேரம் அங்குமிங்கும் ஓடியது. பிறகு நின்றது. காலைத் தூக்கிச் சிறகின்மேல் வைத்து அழுத்தியது; உடலை முறுக்கியது. ஒரு சிறகு கழன்று தரையில் விழுந்தது. மீண்டும் முறுக்கியது, அடுத்தது விழுந்தது. யாரும் பிடுங்கவில்லை, எதிலும் சிக்கவில்லை. ஒடிய வேண்டிய இடத்தில் பிறவியிலேயே ஒரு கோடு போட்டு வைத்ததுபோல், அடியோடு பிரிந்து வந்தன. அரிசி முறத்தோடு கதவருகில் நின்றிருந்த இல்லாள், "தானே ஒடித்துக்கொள்கிறாளே" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

மகள் அந்த எறும்பைப் பிடித்தாள். ஒரு கண்ணாடிக் குழாயில் பாதிக்கு நீர் ஊற்றிப் பஞ்சால் அடைத்து, பஞ்சுக்கு இப்புறம் எறும்பை விட்டு, வாயையும் பஞ்சால் மூடி, கறுப்புத் தாள் சுற்றினாள். இருட்டான, அசையாத இடம் வேண்டுமென்று நமது இரும்பு அலமாரியில், சான்றிதழ்களும் வருமான வரிக் காகிதங்களும் இருந்த தட்டில் அதை வைத்தாள். "உணவு?" என்று கேட்டோம். "வேண்டாம் அப்பா. முதல் பிள்ளைகள் வெளிவரும்வரை அவள் எதுவும் சாப்பிட மாட்டாள்" என்றாள்.

எறும்பு நமக்குப் புதிதன்று. நாம் பிறந்தது திருச்சிக்குக் கிழக்கே, திருவெறும்பூரை அடுத்த சிற்றூர். தேவர்கள் எறும்பு வடிவெடுத்து வழிபட்ட தலம் என்று புராணம் சொல்லும் அந்தக் குன்றின் மேல், இறைவனுக்கே எறும்பீசுவரர் என்று பெயர். நம் அன்னையார் நாள்தோறும் பச்சரிசி மாவில்தான் கோலமிடுவார். சுண்ணாம்புக் கல்பொடி வந்த பின்னும் அதைத் தொட்டதில்லை, "வாசலில் நாலு உயிர் சாப்பிட வேண்டாமா?" என்பார். கடிக்காத கறுப்பெறும்பு பிள்ளையார் எறும்பு. அதை நசுக்கினால் எங்களுக்கு உச்சந்தலையில் குட்டு விழும். புறநானூற்றின் 173ஆம் பாட்டில் சோழன் கிள்ளிவளவன், பண்ணனின் ஊரில் கையில் சோற்றோடு செல்லும் பிள்ளைகளின் வரிசையை, மழைக்கு அஞ்சி முட்டைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறும் எறும்பு வரிசைக்கு ஒப்பிட்டிருப்பதைக் கல்லூரியில் படித்து மகிழ்ந்ததுண்டு. அதையும் மகளிடம் சொன்னோம். "அழகாக இருக்கிறது அப்பா. ஆனால் நம் கண்ணுக்கு வெள்ளையாகப் பெரிதாகத் தெரிவது முட்டை இல்லை, பெரும்பாலும் கூட்டுப்புழு. முட்டை தூசி அளவுதான் இருக்கும்" என்றாள். வளவன் கோபித்துக்கொள்ள மாட்டான் என்று நம்புகிறோம்.

அந்த ஆண்டு மழைக்காலம் முழுவதும், இரவு உணவுக்குப் பின் மகள் ஆசிரியை, நாம் மாணவர். அவள் சொல்லக் கேட்டும், கொடுத்த நூல்களைப் படித்தும் தெரிந்துகொண்டவற்றைச் சுருக்கமாக இங்கே தருகிறோம்.

பெயரிட்டு அறியப்பட்ட எறும்பு வகைகள் மட்டுமே 14,000க்கு மேல். உலகிலுள்ள எறும்புகளின் எண்ணிக்கை ஏறத்தாழ இருபதாயிரம் இலட்சம் கோடி என்று 2022இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அரசு வரவுசெலவுத் திட்டத்தில்கூட நாம் காணாத தொகை. இத்தனை எறும்புகளிலும் நாம் அன்றாடம் காண்பவை அநேகமாக எல்லாமே பெண்கள். சர்க்கரைக்கு வருவதும், இறந்த வண்டை இழுத்துச் செல்வதும், காலில் கடிப்பதும் சிறகில்லாத பெண் எறும்புகளே. அவற்றை வேலைக்கார எறும்புகள் என்கிறார்கள். சிறகுள்ள ஆணும் பெண்ணும் ஆண்டில் குறிப்பிட்ட பருவத்தில் மட்டும் பிறக்கின்றன. மழை பெய்து மண் நெகிழ்ந்து காற்று அடங்கிய ஒரு மாலையில், ஒரே வட்டாரத்திலுள்ள பல புற்றுகளிலிருந்தும் அவை ஒரே வேளையில் கிளம்புகின்றன. இணை சேர்வது அந்தப் பறத்தலின்போதுதான்.

ஆண் எறும்பின் கதை மிகச் சுருக்கமானது. ஆடவர் செருக்கை அடக்க வல்லது. புற்றில் இருந்தவரை அவன் வேலை ஏதும் செய்வதில்லை. ஒருமுறை பறக்கிறான், இணை சேர்ந்தாலும் சேராவிட்டாலும் சில மணி நேரத்தில், மிஞ்சினால் சில நாளில் இறக்கிறான். அவன் பிறப்பு அதைவிட விந்தை. கருவுற்ற முட்டையிலிருந்து பெண் பிறக்கிறது. கருவுறாத முட்டையிலிருந்து ஆண் பிறக்கிறது. ஆகவே ஆண் எறும்புக்குத் தந்தை கிடையாது. ஆனால் தாயைப் பெற்ற தாத்தா உண்டு. நம் அலுவலகப் படிவமொன்றை அவனிடம் கொடுத்தால், 'தந்தை பெயர்' என்னுமிடத்தில் கோடு போட்டுவிட்டு, அதற்கான விளக்கத்தைத் தனித்தாளில் இணைக்க வேண்டியிருக்கும்.

பெண்ணுக்கோ அந்த ஒரு மாலை வாழ்நாள் முழுவதற்கும் போதும். அன்று பெற்ற விந்தை வயிற்றுக்குள் சிறு பையொன்றில் சேமித்து வைத்து, ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாகச் செலவிட்டு முட்டையிடுகிறாள். ஐரோப்பாவின் கறுப்புத் தோட்டத்து எறும்பு வகையில் ஒரு ராணி, வளர்ப்பில் 28 ஆண்டுகளுக்கும் மேல் உயிரோடு இருந்திருக்கிறாள். மத்திய அரசுப் பணியில் ஓய்வூதியம் பெறும் அளவுக்கு நீண்ட சேவை!

இனி, நம் அலமாரியில் நடந்ததற்கு வருவோம். இறகை உதிர்த்த கட்டெறும்பு ராணி வழக்கமாக மண்ணில் ஒரு சிறு அறை தோண்டி உள்ளிருந்தே வாயிலை அடைத்துக்கொள்கிறாள். உணவு தேடி வெளியே வருவதில்லை. பறப்பதற்காக அவள் மார்பில் திரண்டிருந்த தசைகளுக்கு இனி வேலையில்லை. அந்தத் தசையும் உடலிலுள்ள கொழுப்பும் கரைகின்றன. கரைந்ததை உமிழ்ந்தே முதற்புழுக்களுக்கு ஊட்டுகிறாள். ஆறேழு பிள்ளைகளே முதலில் தேறும். அவர்களும் வற்றலாய், இனத்தின் அளவைவிடச் சிறியவராய் இருப்பார்கள். அந்தக் குட்டைப் பிள்ளைகள் வாயிலைத் திறந்து வெளியே சென்று முதல் கவளத்தைக் கொண்டு வந்த பின்புதான் தாய் உண்கிறாள். புதிதாகப் பறந்த ராணிகளில் மிகப் பெரும்பாலோர் இவ்வளவு தூரம் வருவதேயில்லை. பறவைக்கும் பல்லிக்கும் பிற எறும்புகளுக்கும் இரையாகிவிடுகிறார்கள்.

ராணி என்று பெயரே தவிர, அவள் ஆட்சி செய்வதில்லை. ஆணை பிறப்பிப்பதும் இல்லை. முட்டையிடுவதே அவள் பணி. எதிர்ப்படும் எறும்பின் உணர்கொம்பைத் தொட்டறிவதும், போகும் வழியில் மணத்தை இட்டுச் செல்வதுமே அங்கே சுற்றறிக்கைகள். ஒரே முட்டை ராணியாவதும் வேலைக்காரியாவதும் பெரும்பாலும் புழுப் பருவத்தில் கிடைக்கும் ஊட்டத்தைப் பொறுத்தது. எறும்பின் உடலில் தன் வயிற்றுக்கு முன்னால் இன்னொரு பை உண்டு. கிடைத்த நீருணவை அதில் சேர்த்து வந்து, வாயோடு வாய் வைத்துப் பிறருக்கு ஊட்டுகிறது. பொது வயிறு அது. தனக்கென்று எடுத்துக்கொள்ளும் வயிற்றுக்கும் அதற்கும் நடுவில் ஒரு தடுக்கிதழ் இருக்கிறது. இதைப் படித்தபோது நமக்குச் சிரிப்பு வந்தது. மாதச் சம்பளம் வாங்கிய முதல் பத்தாண்டுகளில் நம்மில் யாருக்குத்தான் அப்படியொரு பொது வயிறு இல்லாமல் இருந்தது? தங்கையின் திருமணம், தம்பியின் படிப்பு, ஊர் வீட்டுக் கூரை எல்லாம் அதிலிருந்து உண்டவையே.

ஒரு செய்தி மட்டும் நம்மைச் சங்கடப்படுத்தியது. எறும்புகளில் இளையவை புற்றுக்குள் இருந்து தாயையும் புழுக்களையும் பேணுகின்றன. வயது ஏறியவையே வெளியே சென்று ஆபத்தை எதிர்கொள்கின்றன. நாமோ இளையவர்களை ஆயிரம் கல் தொலைவுக்கு அனுப்பிவிட்டு, முதியவர்களைத் திண்ணையில் உட்கார வைத்தோம். ஒரே தாயை நம்பியிருக்கும் புற்றில் தாய் இறந்துவிட்டால் புற்று அன்றே அழிவதில்லை. வேலைக்கார எறும்புகள் பழைய வழியில் போய்வந்து உழைத்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றாகக் குறைந்து ஒருநாள் ஒன்றும் இராது. 2019இல் நம் அன்னையார் மறைந்தார். பூட்டிய ஊர் வீட்டுக்கு மின்கட்டணமும் வீட்டுவரியும் நாம் இன்றும் தவறாமல் கட்டி வருகிறோம்.

சங்கத்தின் மலருக்குக் கட்டுரை தர இசைந்திருந்தோம். எறும்பையும் இடம்பெயர்ந்த தமிழரையும் ஒப்பிட்டு எழுதுவதென்று முடிவு செய்தோம். பொருத்தங்கள் தாமாகவே வந்து விழுந்தன. எல்லா எறும்புகளும் தனியாகப் பறந்து குடியேறுவதில்லை. சமையலறைச் சர்க்கரைப் புட்டியில் மொய்க்கும் சிறு மஞ்சள் எறும்பில் ஒரு வகைக்கு ஒரே புற்றில் பல ராணிகள், அவை பறப்பதுமில்லை. இடம் போதாவிட்டால் சில ராணிகளும் ஒரு கூட்டம் வேலைக்காரரும் புழுக்களைத் தூக்கிக்கொண்டு அடுத்த சுவருக்குக் குடிபோய்விடுவார்கள். தில்லித் தமிழரிலும் இரு வகை உண்டல்லவா? மாமா முன்னால் வந்து, அவர் கைப்பிடித்து மருமகன் வந்து, ஒரு தெருவே ஒரு குடியிருப்புக்குப் பெயர்ந்த கதைகள் உண்டு. யாரையும் அறியாமல் ஒற்றைப் பெட்டியோடு நிலையத்தில் இறங்கியவர்களும் உண்டு. நாம் இரண்டாம் வகை. அந்தப் பகுதியைச் சற்று உருக்கமாகவே எழுதினோம். "முதலில் வந்தவர் தம் சிறகைத் தாமே உதிர்த்தார், தம் தசையைக் கரைத்துப் பின்வந்தோரை வளர்த்தார்" என்று முடியும் பத்தியை, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கீரை ஆய்ந்துகொண்டிருந்த இல்லாளிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டினோம்.

அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "யார் உதிர்த்தது?" என்று கேட்டாள்.

விளங்கவில்லை என்றோம்.

"நீங்கள் காலையில் அலுவலகம் போனீர்கள், மாலையில் வந்தீர்கள். ஊரிலேயே வேலை கிடைத்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பீர்கள். நீங்கள் எழுதியிருக்கிற சிறகு யாருடையது?"

நாம் 2002இல் பணியில் சேர்ந்தோம். 2004இல் மணம் முடித்தோம். அப்போது அவள் ஊருக்கு அருகிலிருந்த பள்ளியொன்றில் மூன்றாண்டுகளாக ஆசிரியை. பிள்ளைகளை ஆற்றங்கரைக்கு அழைத்துச் சென்று செடிகொடிகளைக் காட்டிப் பாடம் நடத்துவாள் என்று பெண் பார்க்கச் சென்றபோது அவள் தந்தையார் பெருமையாகச் சொன்னார். அவளுடைய பணிவிலகல் கடிதத்தை வரைந்து கொடுத்தது நாம்தான். எழுத்தர் அல்லவா? ஒரு பிழையும் இல்லாமல் வரைந்தோம். அந்தக் குளிர்காலத்தில் முனிர்க்காவில் ஒற்றை அறை, பொதுக் குழாய், தெரியாத இந்தி. அரசுக் குடியிருப்பு கிடைக்க இன்னும் சில ஆண்டுகள் இருந்தன. மறு ஆண்டு மகள் பிறந்தாள். பார்த்துக்கொள்ள இருபுறத்துத் தாய்மாராலும் வர இயலவில்லை. காலை ஒன்பது மணிக்கு நாம் கதவைச் சாத்திச் சென்றால், மாலை ஏழு மணி வரை அந்த அறைக்குள் தமிழ் பேச அவளுக்கு இருந்தது கைக்குழந்தை மட்டுமே. மண்ணறையை உள்ளிருந்து அடைத்துக்கொண்டவள் யார் என்பது நமக்கு அன்று காலையில்தான் தெரிந்தது.

பெருமைப்படுத்தத்தானே எழுதுகிறோம், வேண்டுமானால் உன் பெயரையே சேர்த்துவிடலாம் என்றோம். அதுதான் இன்னும் பெரிய பிழை.

"எறும்புக்கு வேறு வழியில்லை. அதை யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் அதற்குச் சொல்லத் தெரியாது. எனக்குச் சொல்லத் தெரியும். யாரும் கேட்கவில்லை" என்றாள். குரலில் சினம் இல்லை. கீரைத் தண்டுகளை வாரிக்கொண்டு எழுந்து போனாள்.

எழுதிய தாள்களை எடுத்து வைத்துவிட்டோம். சினந்திருந்தால் பதில் சொல்லியிருப்போம்.

ஜூலை நடுவில் மகளின் முடிவு வந்தது. திருவனந்தபுரத்தில் உள்ள அறிவியல் கல்வி நிறுவனமொன்றில் ஐந்தாண்டுப் படிப்புக்கு இடம். மகிழ்ந்தோம், உடனே தயங்கவும் செய்தோம். தில்லியில் இல்லாத கல்லூரியா? வீட்டிலிருந்தே போய்வரலாமே? பெண்பிள்ளை, தனியாக, அவ்வளவு தொலைவு. மூன்று நாள் நம் வாயிலிருந்து வந்தவை எல்லாம் கோப்புகளில் எழுதிப் பழகிய சொற்களே: ஆலோசிக்கலாம், பார்க்கலாம், அவசரமில்லை. கட்டணம் செலுத்தக் கடைசி நாளுக்கு முந்தைய இரவு, இல்லாள் மடிக்கணினியை நம் முன் வைத்தாள்.

"அன்று எனக்காக ஒரு கடிதம் வரைந்தீர்கள். இன்று இவளுக்காக இந்தப் படிவத்தை நிரப்புங்கள்" என்றாள். "முதலில் அவளைக் கேளுங்கள்."

கேட்டோம். "போகிறேன் அப்பா" என்றாள். நிரப்பினோம். தந்தை பெயர் என்ற இடம் வந்தபோது மகள் சிரித்தாள், நாமும் சிரித்தோம்.

பெட்டி கட்டிய நாளில் ஒரு செய்தியைத் தேடிப் பிடித்துத் தாயிடம் வாசித்தாள். நம் நாட்டில் தாவிக் குதிக்கும் எறும்பொன்று உண்டு; நீண்ட தாடையும் பெரிய கண்ணும் கொண்டது. சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணிபுரிந்த தாமஸ் ஜெர்டன் என்பவர் 1851ஆம் ஆண்டில் தென்னிந்திய எறும்புகளைப் பட்டியலிட்டபோது அதற்குப் பெயர் சூட்டினார். அந்த இனத்தில் ராணி இறந்துவிட்டால் புற்று அழிவதில்லை. வேலைக்கார எறும்புகள் உணர்கொம்பால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு நாட்கணக்கில் போட்டியிடும். வென்றவை சில, முட்டையிடத் தொடங்கும். அவற்றின் சூலகம் பெருக்கும். ஆயுள் மாதக் கணக்கிலிருந்து ஆண்டுக் கணக்குக்கு நீளும். ஆனால் மூளை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சுருங்கிவிடும். வேட்டைக்குப் போக வேண்டிய தேவை இல்லாததால் அவ்வளவு மூளை வேண்டியதில்லை. இதுவரையில் வியப்பில்லை. அப்படி முட்டையிட்டுக்கொண்டிருந்தவற்றைத் தனியே பிரித்து வைத்து ஆராய்ந்தார்கள். அவை முட்டையிடுவதை நிறுத்தி, மீண்டும் வேலைக்கார எறும்புகளாயின. சுருங்கிய மூளை பழைய அளவுக்கு வளர்ந்துவிட்டது. 2021இல் இந்த ஆய்வு வெளிவந்தது.

இல்லாள் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். "எத்தனை நாளில்?" என்று கேட்டாள்.

"சில வாரங்களில் அம்மா."

"நமக்குக் கொஞ்சம் கூடுதலாகும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நாம் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

ஆகஸ்டு முதல் வாரத்தில் கேரளா எக்ஸ்பிரசில் மகளை ஏற்றிவிட்டுத் திரும்பினோம். வீடு பெரிதாகிவிட்டிருந்தது. "குழாயைப் பார்த்துக்கொள்ளுங்கள் அப்பா" என்று சொல்லிப் போயிருந்தாளே என்று அலமாரியைத் திறந்தோம். குழாயின் அருகில் பழைய வீட்டுக் கணக்கு நோட்டொன்று இருந்தது. பிரித்தால், உள்ளே நம் மகளின் கையெழுத்து இல்லை, இல்லாளின் கையெழுத்து. ஜூன் 26 முதல் நாள்தோறும் ஒரு வரி. எத்தனை முட்டை, என்று புழுவாயின, என்று கூடு கட்டின, அறையின் வெப்பம் எவ்வளவு என்று தேதியிட்டு, பென்சிலால் சிறு படங்களும் வரைந்து, ஆசிரியைக்குரிய வரிசையில் எழுதியிருந்தாள். ஒருநாள்கூட விடுபடவில்லை. நம்மிடம் அவள் அந்தக் கேள்வியைக் கேட்ட ஞாயிற்றுக்கிழமையன்றும், 'புழுக்கள் ஒன்பது. இரண்டு பெருத்துள்ளன' என்றொரு வரி இருந்தது. நாம் கட்டுரை எழுதிக்கொண்டிருந்த வாரங்களில் இந்த வீட்டில் எறும்பைக் கவனித்தவள் அவள்.

அன்றிரவு, குழாயில் முதல் வேலைக்கார எறும்பு வெளிவந்தது. வெளிறிய நிறம், தாயின் உடலில் காற்பங்கு. இல்லாள் பல்குத்தும் குச்சியின் முனையில் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு உள்ளே நீட்டினாள். சிறியது வந்து குடித்தது. திரும்பிப் போய்த் தாயின் வாயில் வாய் வைத்தது. ஆறு வாரத்துக்குப் பின் அவள் உண்ட முதல் உணவு. நாம் இருவரும் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு தரையில் அமர்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதே தட்டில், காகிதங்களுக்கு அடியில், அவளுடைய பட்டங்களும் ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழும், 2004ஆம் ஆண்டின் பணிவிலகல் கடிதத்தின் படியும் இருந்தன. நாம் எடுத்துக் கொடுத்தோம். "என்ன செய்யலாம் என்று நினைக்கிறாய்?" என்று கேட்டோம். பத்தொன்பது ஆண்டு தாமதமான கேள்வி. உடனே விடை சொல்லவில்லை. பத்து நாள் எடுத்துக்கொண்டாள். பிறகு, பக்கத்துப் பள்ளியில் மகப்பேறு விடுப்பில் சென்ற ஆசிரியைக்குப் பதிலாக ஆறு மாதத்துக்கு ஆள் தேடுகிறார்கள் என்றும், விண்ணப்பத்தைத் தானே எழுதிவிட்டதாகவும் சொன்னாள். படித்துப் பார்க்கத் தரவில்லை. நாமும் கேட்கவில்லை.

அந்த ஆறு மாத வேலை முடிந்தது. அதன்பின் வேறொரு பள்ளியில் வேறொரு வேலை. சம்பளம் அதிகமில்லை, 2004இல் விட்டதெல்லாம் திரும்பி வந்துவிட்டதென்று சொல்ல மாட்டோம். எறும்பு ராணிக்கு உதிர்ந்த சிறகு மீண்டும் முளைப்பதில்லை. இந்த மலரை விரித்துப் படிக்கும் குடும்பங்களில், பிழையில்லாத கடிதமொன்றை வரைந்து கொடுத்த கணவன்மார் வேறு சிலரும் இருக்கக்கூடும். அவர்கள் வீட்டு அலமாரியின் அடித்தட்டை ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் இல்லாளிடம் காட்டினோம். கீரைத் தண்டைப் பற்றிய வரியை எடுத்துவிடச் சொன்னாள். பிறகு, "இருக்கட்டும்" என்றாள்.

2023 செப்டம்பர் கடைசியில், மழை ஓய்ந்த ஒரு மாலை, குழாயில் பதினொரு வேலைக்கார எறும்புகள் சேர்ந்தபோது, வீட்டின் பின்புறத்து வேப்பமரத்தடியில் அவற்றை விட்டோம். மகள் தொலைபேசியில் காணொளி வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் இரண்டு சிறியவை வெளியே வந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தன, உள்ளே போயின. இருட்டும்வரை ராணி வரவில்லை. விடிந்து போய்ப் பார்த்தபோது குழாய் காலியாக இருந்தது. வேரடியில் ஊசி முனையளவு ஒரு துளையும், அதைச் சுற்றி ஈரமண் துகள்களும் கிடந்தன. இல்லாள் உள்ளே சென்று ஒரு கைப்பிடி பச்சரிசி மாவை எடுத்து வந்து, துளைக்குச் சற்று அப்பால் தூவினாள். பிறகு மணியைப் பார்த்துவிட்டு, பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று கைப்பையைத் தேடிக்கொண்டு ஓடினாள்.